செயலாளர் சார்

மாவட்டத் தலைநகர் எதுவானாலும் சரி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். அந்தக் கடைக்குள் நாற்காலி போட்டு உட்காரும் உரிமை பெற்ற ஒரு செயலாளரும் இருப்பார். எதற்குச் செயலாளர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கலை, இலக்கியம், பண்பாடு, கிராமியம், ஆய்வு, மேம்பாடு எல்லாம் சேர்ந்த ஒரு பெயரைச் சொல்லத் தொடங்குவார். அறக்கட்டளை என்று முடிப்பதற்குள் நம் பேருந்து கிளம்பிவிடும். ஊருக்கு அவர் 'செயலாளர் சார்'. அரசாங்கத்திடம் கலைக்காகக் காசு வாங்கத் தெரிந்தவர்.

தோளில் ஒரு ரெக்சின் பை. உள்ளே சங்கத்து ரப்பர் ஸ்டாம்பு, மைப்பெட்டி, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்புகள், இருபது ரூபாய் பத்திரத்தாள் இரண்டு. சிலர் கல்யாண வீட்டுக்கு மொய்க் கவரோடு போவார்கள். இவர் இந்தப் பையோடு போவார். காரணம் இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி சங்கம் ஆரம்பிக்க ஏழு பேராவது வேண்டும். இவருடைய ஏழு பேரில் தலைவர் மாமனார். ஓய்வு பெற்ற சர்வேயர், காது மந்தம், எந்தத் தீர்மானத்தையும் எதிர்த்ததில்லை. பொருளாளர் மனைவி. சங்கம் வருவதற்கு முன்பிருந்தே அந்தப் பதவி அவரிடம்தான். மைத்துனர்கள் இருவர், சகலை ஒருவர், ஜெராக்ஸ் கடைக்காரர். ஆகவே பொதுக்குழு கூட வேண்டுமென்றால் வீட்டில் யாருக்காவது காது குத்த வேண்டும். பந்தியில் பாயசம் வருவதற்குள் வரவு செலவுக் கணக்கு ஏகமனதாக நிறைவேறிவிடும்.

மனித ஆயுளையே அவர் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் திட்டங்களை வைத்துத்தான் பகுத்திருக்கிறார். 18 முதல் 25 வரை இளம் கலைஞர் உதவித்தொகை: மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷம். அதற்குமேல் 40 வரை இளநிலை நல்கை: 10,000. நாற்பதைத் தாண்டினால் முதுநிலை: 20,000. அறுபது ஆனால் மூத்த கலைஞர் நிதியுதவி. புதிதாக யாரைப் பார்த்தாலும் ஊர் பேர் விசாரிப்பதில்லை, வயதுதான். முப்பத்தொன்பது என்று சொல்லிவிட்டால் போதும், நமக்காகப் பதறிப்போவார். "அவசரப்பட்டுடாதீங்க சார். ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்க. டபுளா வரும்."

ஊரில் அவர் மதிக்காத மனிதர்கள் ஒரே வகை. வருமான வரித்துறையின் 12ஏ பதிவையும், பொது நிதி விதிகள் 2017-இன் 12-ஏ படிவத்தையும் ஒன்றென்று நினைப்பவர்கள். முன்னது வரிவிலக்குக்கு, பின்னது வாங்கிய காசை வாங்கிய காரியத்துக்கே செலவழித்தோம் என்று எழுதிக் கொடுக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ். கச்சேரியில் ராகத்தை மாற்றிச் சொன்ன ரசிகரைப் பக்கத்து நாற்காலிக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை ஒன்று பார்ப்பார்.

வட மாவட்டத்துக்காரர் என்பதால் அவர் கையில் கிடைத்த கலை தெருக்கூத்து. அதற்கு ஒரு வாத்தியார் இருக்கிறார். பரம்பரை ஆட்டக்காரர், துரியோதனன் வேஷத்துக்குப் பேர் போனவர். செயலாளர் எழுதிய திட்டக் குறிப்பை அவருக்குப் படித்துக் காட்டிய அன்று நானும் கடையில் இருந்தேன்.

"அழிவின் விளிம்பில் தத்தளிக்கும் இக்கலையை..."

வாத்தியார் கையை உயர்த்தி நிறுத்தினார். "யாருங்க சார் அழியறது? பங்குனியில ஆரம்பிச்சா ஆடி கடைசி வரைக்கும் எனக்கு ஒரு ராத்திரி ஒழிவு இல்ல. ஊருக்கு ஊர் திரௌபதியம்மன் கோயில்ல பாரதம் வெக்கிறான். போன வாரம் ரெண்டு ஊர்ல ஒரே நாள்ல படுகளம். ஆள் பத்தாம மச்சானுக்கு வேஷம் கட்டி அனுப்பிச்சேன்."

"வாத்தியாரே, அதையெல்லாம் வெளியில சொல்லாதீங்க" என்றார் செயலாளர், குரலைத் தாழ்த்தி. "நல்லா இருக்கிற கலைக்கு எவன் குடுப்பான்?"

வாத்தியார் வெகுநேரம் யோசித்தார். "எங்கப்பா பேர்ல போட்டுக்குங்க. அவரு அழிஞ்சிட்டாரு" என்றார்.

மதிப்பீடு போடும் கலை இதைவிட நுட்பமானது. பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கான மத்திய நல்கை மொத்தச் செலவில் 75 சதவீதம்தான். அதுவும் பொதுவாக 5 லட்சம் வரைக்கும். மீதிக் கால் பங்கை அமைப்பு தன் கையிலிருந்து போட வேண்டும். அமைப்பின் கை எங்கே இருக்கிறது என்று தேடினால், பெரும்பாலும் முகவீணைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியில் இருக்கும். பந்தலுக்கு மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். மூன்றும் வரும், மூன்று கடைப் பெயரில், ஒரே கையெழுத்தில். எழுத்துப்பிழைகூட மாறாது. ஆடிட்டர் இதற்கெல்லாம் கலங்காதவர். அவரைக் கலங்கடித்தது 'கட்டைகள் செய்ய' என்ற ஒற்றை வரிதான். புஜத்திலும் மார்பிலும் கட்டுகிற, லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த அணிகலனைத்தான் கூத்தில் கட்டை என்பார்கள். ஆடிட்டர் அதை எரிபொருள் கணக்கில் சேர்த்துவிட்டார். துரியோதனனுடைய மார்புப் பதக்கம் அந்த வருஷ அறிக்கையில் டீசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிறகு பணம் கலைஞர்களின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும் என்றார்கள். நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாளக்காரர் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் அவருடைய அண்ணன் மாதிரி. மூன்று பேரும் ஒருவரே என்று நிரூபிக்கச் செயலாளர் அலைந்த அலைச்சலை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: இவரைத் திருடர் என்று சொல்பவர்கள் இவரோடு ஒரு நாள் தாலுகா ஆபீஸுக்குப் போய் வரட்டும். அவர் எடுத்துக்கொள்வது இதர செலவில் கொஞ்சம். ஆட்டோ, டீ, ஜெராக்ஸ், அதில் அவருடைய வீட்டு மின்கட்டணமும் கலந்திருக்கலாம். ஆனால் அவர் இல்லாவிட்டால் வாத்தியார் ஆங்கிலத்தில் இருக்கும் அந்த இணையப் படிவத்தில் 'முந்தைய மூன்றாண்டு தணிக்கை அறிக்கையைப் பதிவேற்றுக' என்ற இடத்திலேயே அரியாசனத்தை விட்டு இறங்கியிருப்பார். வாத்தியாருக்கும் அது தெரியும். அதனால்தான் அழிவின் விளிம்பில் நிற்கச் சொன்ன இடத்தில் மரியாதையாக நின்றார்.

ஆணை வந்தது பிப்ரவரிக் கடைசியில். மார்ச் 31-க்குள் செலவழித்தாக வேண்டும். கிடைத்தது வாடகைக்கு ஒரு கல்யாண மண்டபம், மாலை ஆறு முதல் எட்டு வரை. ஒன்பது மணிக்கு அங்கே வேறு வீட்டு ரிசப்ஷன். விடிய விடிய ஆடுகிற கிருஷ்ணன் தூதை இரண்டு மணி நேரத்துக்கு வெட்டச் சொன்னார் செயலாளர். "தூது போய்ச் சேரவே ரெண்டு மணி ஆவுமே சார், திரும்பி வர வேணாமா?" என்று கேட்டுவிட்டு வாத்தியார் வெட்டினார். முன்வரிசைகளில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், சீருடையில். பின்னால் சமையல்காரர்கள் ரிசப்ஷனுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு. மேடையில் இருந்த மிகப் பெரிய பொருள் பேனர். அமைச்சகத்தின் பெயர் படத்தில் விழ வேண்டும் என்பதால் துரியோதனன் கொலுமண்டபத்தில் கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

கிருஷ்ணர் வந்து பாண்டவருக்கு ஐந்து ஊராவது கொடு என்று கேட்டார். துரியோதனன் வாயைத் திறப்பதற்குள் கட்டியக்காரன் குறுக்கே விழுந்தான். கூத்தில் அவனுக்கு மட்டும் எந்த யுகத்துக்கும் போய் வர அனுமதி உண்டு.

"மகாராஜா, அவசரப்பட்டுக் குடுத்துடாதீங்க! அஞ்சு ஊரா? தருமரு மூணு கொட்டேஷன் வெச்சிருக்காரான்னு கேளுங்க. பன்னெண்டு வருஷம் காட்டுல இருந்தாரே, தணிக்கை பண்ணினாரா? அஞ்சு பேருக்கு ஒரே பொண்டாட்டி, ஆதார்ல யார் பேரு ஏத்தியிருக்குது?"

மண்டபம் அதிர்ந்தது. வெங்காயம் உரித்தவர்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தார்கள். பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். மாமனாருக்கு என்ன நடந்தது என்று தெரியாவிட்டாலும் அவரும் கை தட்டினார். கட்டியக்காரன் விடவில்லை. கிருஷ்ணரிடம் போய், "சாமி, சுதர்சனத்துக்கு ஜிஎஸ்டி பில்லு இருக்குதா?" என்றான். துரியோதனனுக்கே சிரிப்பு வந்து மீசையைப் பிடித்துக்கொண்டார்.

செயலாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. இடைகழியில் முட்டி போட்டு உட்கார்ந்து, செல்போனில் இடத்தின் பெயரும் நேரமும் பதிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டிருந்தார், பேனர் முழுதாக விழுகிறதா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபடி.

ஏப்ரலில் அவர் அனுப்பிய அறிக்கையின் நகலைக் கடையில் காட்டினார். பத்தாவது பத்தியில் இருந்தது: 'நிகழ்ச்சியில் நிதி மேலாண்மை குறித்த விழிப்புணர்வும் ஏற்படுத்தப்பட்டது. பார்வையாளர்கள் எழுந்து நின்று வரவேற்றனர். படம்: இணைப்பு 7.'