பண்ணு வாழ்க!

ஆங்கில வினைச்சொல் வசப்படவில்லையா? நாவலூர் டீக்கடை வாசலில் ஐடி கம்பெனிப் பிள்ளைகள் பேசுவதைக் கேளுங்கள். கோ, வென்ட், கான் என்று உருப்போட்டுப் பிரம்படி வாங்கிய தலைமுறை பாவம். இங்கே எல்லா வினைக்கும் ஒரே வால்: பண்ணு. டிரைவ் பண்ணினேன், டிரைவ் பண்றேன், டிரைவ் பண்ணுவேன். முக்காலமும் முடிந்தது. ஓஎம்ஆர் நாவலூர் சுங்கச்சாவடியில் டோல் பே பண்ணிக்கொண்டிருந்தோம். 2023 அக்டோபரில் அதை ஸ்டாப் பண்ணினார்கள். இலக்கணம் எங்கேயாவது இடிக்கிறதா? ஷேக்ஸ்பியருக்கு இந்த வசதி இல்லை, மெனக்கெட்டு எழுதினார்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியார் மட்டும் ரொம்பக் கண்டிப்பு: “கிளாஸ்ல தமிழ் யூஸ் பண்ணாதீங்க. புரியலேன்னா ஆஸ்க் பண்ணுங்க.”

அவர் கிளாஸில் இடம் கொஞ்சம்தான். சீக்கிரம் ஜாயின் பண்ணவும்.