உவகைக்கு இலக்கணம் உண்டா?

கேள்வி: மகிழ்ச்சி, களிப்பு, உவகை ஆகிய மூன்றும் ஒன்றுதானா?

பதில்: இன்றைய வழக்கில் ஏறத்தாழ ஒன்றே எனினும், 'மகிழ்', 'களி' என்னும் சொற்கள் பழந்தமிழில் கள்ளையும் அது தரும் மயக்கத்தையும்கூடக் குறித்தவை என்பதால், மூன்றனுள் தள்ளாடாமல் நிற்பது உவகை மட்டுமே. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. அத்தகைய எட்டனுள் இறுதியாக உவகையை வைக்கும் தொல்காப்பியம், அது செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகியவற்றால் பிறக்கும் என்கிறது. செல்வம் முதலில் நிற்பதை மாதத்தின் முதல் தேதியில் எவரும் மறுக்கமாட்டார். புலன் என்பதற்குக் கல்வியின் பயனாகிய அறிவுடைமை என்று தொல்காப்பிய உரையாசிரியரான பேராசிரியர் உரை கூறுகிறார். கல்வியோ பெருமிதம் என்னும் வேறு மெய்ப்பாட்டின்கீழ் வருகிறது. ஆக, பட்டம் பெற்றவர் பெருமிதம் கொள்ளலாம். உவகை கொள்வதற்குப் படித்தது புரிந்திருக்க வேண்டும்.

மகிழ்ச்சி மிகுந்து கண்ணீராக வழிவதற்கு 'உவகைக் கலுழ்ச்சி' என்று பெயர். கலுழ்தல் என்றால் அழுதல். புறநானூற்றில் போரில் வீழ்ந்த மகனின் வீரத்தைக் கண்ட தாயின் நிலையைச் சொல்லும் இத்துறைக்கு, இக்காலத்தில் மணமேடையருகே கண் துடைக்கும் தந்தையும் ஓரளவு உரியவரே; மண்டபக் கட்டணத்தை எண்ணி அவர் விடும் கண்ணீர் மட்டும், வறுமையையும் காரணமாகக் கொண்ட 'அழுகை' என்னும் மெய்ப்பாட்டில் அடங்கும்.