வட்டதிகாரம்: வீட்டு நாஸ் பெட்டிக்கு ஓர் உரை

தமிழில் இலக்கணம் எழுதப்படாத பொருள் அருகிவிட்டது. எழுத்துக்கு உண்டு, சொல்லுக்கு உண்டு, அணிக்கு உண்டு. வள்ளல்மேல் பாட்டு எந்த எழுத்தில் தொடங்கினால் அவருக்கு ஆகாது என்று சொல்லக்கூட நூல் உண்டு. டிவி மேசைக்கடியில், செட்டாப் பாக்ஸுக்கும் ரவுட்டருக்கும் நடுவில், பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு இரவெல்லாம் முனகும் நாஸ் பெட்டிக்கு மட்டும் இல்லை. பெட்டியோடு வரும் கையேட்டை மூலநூலாகக் கொள்ள இயலாது. அதில் திருகாணி எங்கே போகும் என்பது இருக்கிறதே தவிர, வீட்டில் யார் யார் என்ன கேட்பார்கள் என்பது இல்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வுரை.

நாஸ் என்பது யாதோ எனின், இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்குகளைச் சுமந்து, ஒரு கேபிளால் ரவுட்டரோடு இணைந்து, வீட்டிலுள்ள எல்லாப் போனுக்கும் லேப்டாப்புக்கும் பொதுச் சேமிப்பிடமாக நிற்கும் சிறு கணினி என்க. அதற்குத் திரை இல்லை, கீபோர்டு இல்லை. வேறொரு கணினியின் வாயிலாகவே அதனோடு பேச முடியும். ஆகவே வீட்டில் அதனோடு பேசுபவர் ஒருவரே ஆகிறார். அவரைப் பின்னர்க் கூறுதும்.

வரலாறு சொல்லுமிடத்து மூன்று சங்கம் சொல்வது மரபு. குடும்பத்தின் முதற்சங்கம் விசிடியில் இருந்தது: கல்யாணம் மூன்று வட்டு, தாலி கட்டுவது இரண்டாம் வட்டில், அந்த வட்டு மட்டும் ஓடாது. இடைச்சங்கம் பென் டிரைவிலும் எக்ஸ்டர்னல் டிஸ்கிலும் நடந்தது. முன்னது சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போயிற்று. பின்னது மேசையிலிருந்து விழுந்து 'டக் டக்' என்றது. இவ்விரண்டையும் கடல் கொண்டதாகக் கருதலாம். கடைச்சங்கம் கூகுள் போட்டோஸ். அங்கே புலவர் எண்ணிக்கைக்கு வரம்பில்லாதிருந்தது. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்களெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரும் என்றானது. நாஸ் வாங்கும் எண்ணம் பல வீடுகளில் முளைத்தது அதன் பிறகே.

பெட்டியைத் திறந்தவர் முதலில் சந்திப்பது குறுக்கம். நான்கு டிபி என்று காசு கொடுத்து வாங்கிய வட்டு விண்டோஸில் 3.63 என்று தெரியும். கடைக்காரரை ஐயுறுதல் வேண்டா. டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. கிலோ, மெகா, ஜிகா, டெரா என்று நான்கு படி ஏறுவதற்குள் ஒன்பது விழுக்காடு தேய்கிறது. ஐகாரம் மாத்திரை குறைந்தும் ஐகாரமாகவே நிற்பதை ஏற்றுக்கொண்ட நமக்கு இது புதிதன்று.

இனி இந்நூலின் உயிரான பகுதி, வட்டுகள் சேரும் முறை. ரெய்டு எனப்படும் இம்முறையை 1988-இல் பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரையில் வகுத்தனர். பெரிய கணினிகளின் விலையுயர்ந்த ஒற்றை வட்டுக்குப் பதிலாக, மலிவான சிறு வட்டுகள் பலவற்றைக் கட்டிச் சேர்க்கலாம் என்பது அவர்கள் கருத்து. மூவரும் சொன்னது ஒன்று முதல் ஐந்து வரை ஐந்தே வகை. சுழியமும் ஆறும் அவற்றில் இல்லை. அவை பின்வந்தோர் சேர்த்தவை. இடைச்செருகல் என்று தள்ளிவிடவும் முடியாது, இன்று பல பெட்டிகளில் உண்டு.

இவ்வகைகளை ஆங்கில எண்களால் கற்பிக்கப் புகுந்ததே குழப்பத்துக்குக் காரணம் என்பது எம் துணிபு. எட்டாம் வகுப்புத் தமிழ் ஐயா போதும். ரெய்டு சுழியம் என்பது இரட்டைக்கிளவி. கோப்பைத் துண்டு துண்டாக்கி இரு வட்டிலும் மாற்றி மாற்றி எழுதும், வேகம் மிகும். பிரித்தால் பொருள் தராது. 'சலசல'வில் ஒரு 'சல' போனால் மற்ற 'சல'வை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரெய்டு ஒன்று என்பது அடுக்குத்தொடர். 'பாம்பு பாம்பு' என்பதில் ஒரு பாம்பு செத்தாலும் மற்றது முழுப் பாம்பு. அடுக்கு மூன்று, நான்கு என்று நீளலாம் எனப் படித்தோமே, இங்கும் அப்படியே நீட்டலாம். வட்டு வாங்கப் பணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரெய்டு ஐந்து வேற்றுமைத்தொகை. 'பால் குடித்தான்' என்பதில் உருபு மறைந்தாலும், நிற்கிற சொற்களைக் கொண்டு 'பாலை' என்று விரித்துக்கொள்கிறோம் அல்லவா? அதுபோல, மூன்று வட்டில் எது மறைந்தாலும் நிற்கிற இரண்டைக் கொண்டு விரித்துக்கொள்ளலாம். இரு வட்டின் எண்களை ஒப்பிட்டு, ஒத்திருந்தால் சுழியம், மாறினால் ஒன்று என மூன்றாவதில் குறித்துவைப்பதே இதன் சூட்சுமம். அந்தக் குறிப்பும் ஒரே வட்டில் தங்காமல் முறைவைத்து இடம் மாறும். நான்கு டிபி வட்டு நான்கு போட்டால் பன்னிரண்டு டிபி கைக்கு வரும். ரெய்டு ஆறு, உருபும் பயனும் உடன்தொக்க தொகை. 'தண்ணீர்க் குடம்' என்பதில் இரண்டு மறைந்தும் 'தண்ணீரை உடைய குடம்' என்று விரிகிறது. இங்கே இரண்டு வட்டு மறைந்தும் படங்கள் விரியும். கைக்கு வருவது எட்டு டிபி.

அற்றேல், பெட்டியில் அடுக்குத்தொடர் அமைத்த பின் பேக்கப் வேறு எதற்கு எனின், அது பொருந்தாது. அடுக்குத்தொடர் பிழையையும் அடுக்கியே சொல்லும். மைத்துனர் மகன் 'இடம் அடைக்குது' என்று சீமந்தப் படங்களை அழித்தால், அதே நொடியில் இரண்டு வட்டிலும் அழியும். ரெய்டு வட்டின் சாவுக்கு மருந்து, மனிதர் கைக்கு அன்று. தொகையை விரிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. செத்த வட்டுக்குப் பதில் புதிது போட்டால், மிச்ச வட்டுகள் மணிக்கணக்காக ஓய்வின்றி வாசிக்கப்படும். ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய உடன்பிறப்புகள் அவை; அந்த உழைப்பில் இன்னொன்றும் படுத்துவிடுவதுண்டு. பீட்டர் க்ரோ என்னும் ஒளிப்படக் கலைஞர் பரப்பிய மூன்று-இரண்டு-ஒன்று விதியே இதற்குத் தீர்வு: பிரதி மூன்று, இருவேறு ஊடகம், ஒன்று வெளியிடத்தில். வெளியிடம் என்பது நம் வழக்கில் மாமியார் வீடு.

அடுத்து முகவரி. வீட்டுப் பெட்டிக்கு 192.168 என்று தொடங்கும் எண் அமைவது பெரும்பான்மை. இந்த வரிசையில் 65,536 எண்களையும் இன்னும் இரு வரிசைகளையும் தனியார் வலைகளுக்கென்று ஒதுக்கிய விதிப்பத்திரம் 1996 பிப்ரவரியில் வெளிவந்தது. இதை அகத்திணை எனலாம். அகத்தில் தலைவன் இன்னார் என்று பெயர் சுட்டலாகாது, 192.168.1.5 என்றாலும் அது எந்த வீட்டுப் பெட்டி என்று யாராலும் சொல்ல முடியாது, உங்கள் வீட்டிலும் உண்டு, எதிர் வீட்டிலும் உண்டு. ஊருக்குப் போயும் படம் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிட்டால் அகம் புறமாகிவிடும். புறத்திணையில் முதலில் வருவது வெட்சி, ஆநிரை கவர்தல். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்னும் நிரல் இணையத்தின் பக்கம் வாசல் திறந்திருந்த நாஸ் பெட்டிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. வெளியிலிருந்து பார்க்க ஆசையெனில் விபிஎன் வழியாக வருக.

வேகம் பற்றி நெடிது சொல்ல வேண்டா. கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி அளவில் போகும். நடுவில் 100 மெகாபிட் ரவுட்டர் ஒன்று நின்றால் பதினொன்று. இரண்டு டிபி படங்களை முன்னதில் ஐந்து மணி நேரத்தில் ஏற்றலாம், பின்னதில் இரண்டு நாள். மின்சாரம் போனால் பெட்டி ஒழுங்காக மூடிக்கொள்ள யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளைப் பெட்டியில் செருகுக. பலர் வீட்டில் அந்தக் கேபிள் யூபிஎஸ் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

ஏற்றியபின் தொடங்குவது பாடவேறுபாட்டுச் சிக்கல். ஒரே காதுகுத்துப் படம் கேமராவிலிருந்து வந்தது ஒன்று, வாட்ஸ்அப் சுருக்கியது ஒன்று, சித்தி அதை மறுபடி அனுப்பியதால் மேலும் தேய்ந்தது ஒன்று. 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'கல்யாணம் ஃபைனல்', 'கல்யாணம் ஃபைனல் கடைசி' என ஏட்டுச்சுவடிகள் பெருகும். மூலபாடம் எது என்று துணிய வேண்டுமாயின் கோப்பின் அளவை நோக்குக, பெரியதே மூலம். தேதியை நம்பற்க, வாட்ஸ்அப் படம் எடுத்த நாளை உதிர்த்துவிட்டுத் தன் வழியே வரும். பதிப்பாசிரியரின் பொறுமை வேண்டும் வேலை இது. அதைச் செய்து முடித்த வீடு ஒன்றையும் யாம் கண்டிலம்.

இந்நிலையில் பாட்டி ஒரு தடை எழுப்புவார்: "முன்னாடி போன்லயே 'குழந்தை'ன்னு தேடினா வந்துடும், இப்ப உன்னையில்ல கூப்பிட வேண்டியிருக்கு?" இத்தடைக்கு உரைகாரர் பலரும் விடை கூறாது அடுத்த நூற்பாவுக்குச் சென்றனர். யாம் அவ்வாறு செல்லோம், அத்தடை சரியானதே. எங்கோ இருக்கும் நிறுவனத்தை நம்பாமல் இருக்கத்தான் பெட்டி வந்தது. வந்தபின் குடும்பம் முழுதும் ஒரே ஓர் ஆளை நம்ப வேண்டியதாயிற்று. அவரே அட்மின். இலக்கணத்தில் அவர் பெயர் தோன்றா எழுவாய். "படம் ஏறிடுச்சு", "பாஸ்வேர்டு மாத்தியாச்சு", "டிஸ்க் மாத்தணும்" என்று எல்லா வாக்கியமும் அவரைச் சொல்லாமலே அவரைக் கொண்டு நடக்கும். அவர் ஆறு மாதம் வேலையாகப் புனே போனால் வாக்கியம் எழுவாயின்றி நிற்கும். ஒரு நள்ளிரவில் வட்டு ஒன்று செத்துப் பெட்டி பீப் பீப் என்று அலறும். வீட்டார் எழுந்து பார்த்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூங்குவர். காலையில் போனில் தகவல்: "அந்தப் பொட்டி கத்துச்சு, நிறுத்திட்டோம்." வட்டுக்கு அடுக்கு உண்டு, தொகை உண்டு, மாமியார் வீட்டில் பிரதி உண்டு. இவருக்கு எதுவும் இல்லை. ஆகவே புறனடையாக ஒரு நூற்பா செய்தோம்:

சொல்லா தொழிந்த தோன்றா எழுவாய்
அயலூர் சென்று தங்கலும் உண்டே
கடவுச் சொல்லைக் காகிதத் தெழுதிப்
பீரோ வுள்ளே வைத்தல் கடனே.

இதனாற் சொல்லியது: அட்மின் பெயர், பாஸ்வேர்டு, பெட்டியின் முகவரி, எந்தப் படம் எங்கே என்னும் நான்கையும் வீட்டார் படிக்கும் கையெழுத்தில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் தட்டில் வைக்க வேண்டும் என்பது. வட்டுகளை என்கிரிப்ஷன் செய்திருந்தால் அதன் சாவியையும் எழுதுக. அது தொலைந்தால் செய்தவராலும் திறக்க முடியாது. காகிதம் தொலைந்துபோனால் என் செய்வதோ எனின், பெரும்பாலான பெட்டிகளின் பின்புறத்தில் ஊசி நுழையும் துளை ஒன்று உண்டு. சில விநாடி அழுத்திப் பீப் ஒலி கேட்டதும் எடுத்தால் படங்களுக்குக் கேடின்றி அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் அமைப்பும் பழைய நிலைக்குத் திரும்பும். பத்து விநாடிக்கு மேல் அழுத்தற்க, அது வேறு பலன் தரும். போனோடு வந்த சிம் ஊசி அதற்குச் சரியாக இருக்கும். பெட்டியின் முதுகிலேயே செல்லோ டேப்பால் ஒட்டிவைக்கலாம்.