உள்ளே போன கம்மல்

கம்மலின் முன்பக்கப் பூவோ பின்பக்கத் திருகாணியோ காதுச் சோணையின் சதைக்குள் இறங்கி, அதன் மேல் தோல் மூடிக்கொள்வதைத்தான் வீடுகளில் 'கம்மல் உள்ளே போயிடுச்சு' என்கிறார்கள். புதிதாகக் காது குத்திய சில வாரங்களுக்குள் இது நேர்வது வழக்கம். பாதிக்கப்படுவோரில் குழந்தைகளே அதிகம். தங்கம் காணாமல் போனதும் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிப்பார்கள், தலையணை உறையை உதறுவார்கள், வேலைக்கு வரும் அம்மாவை ஒரு மாதிரி பார்ப்பார்கள். காதைக் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

சோணையில் குருத்தெலும்பு கிடையாது. தோலும் கொழுப்பும் ரத்தக் குழாய்களும்தான். குத்திய இரண்டொரு நாளில் அது வீங்குவது இயல்பு. கம்மலின் தண்டு அந்த வீக்கத்துக்கு இடம் கொடுக்கும் நீளத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. குட்டையாக இருந்தால் முன்னால் பூவும் பின்னால் திருகாணியும் சோணையை இடுக்கிப் பிடிக்கின்றன. இடுக்கிய இடத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது, தோல் புண்ணாகிறது, உலோகம் மெல்ல அமிழ்கிறது. புண்ணின் ஓரத்துத் தோலுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: திறந்திருப்பதை மூடுவது. அடியில் இருப்பது சதையா தொள்ளாயிரத்துப் பதினாறு முத்திரை போட்ட தங்கமா என்று அது விசாரிப்பதில்லை.

கிருமி, கனத்த சோணை, நிக்கல் ஒவ்வாமை, ஒருக்களித்துப் படுக்கும் பழக்கம் என்று மருத்துவர்கள் சொல்லும் காரணங்கள் பல. நிக்கல் ஒவ்வாமை ஒன்றும் கற்பனையல்ல. காது குத்திய துளையில் போடும் நகையிலிருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டு வரம்பு வைத்திருக்கிறது. ஆனாலும் தமிழ் வீடுகளைப் பொறுத்தவரை முக்கியக் காரணத்துக்கு ஒரு குரல் உண்டு. "நல்லா இறுக்கிப் போடும்மா, கழண்டு விழுந்துட்டா?" என்பது அந்தக் குரல். தங்கம் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் திருகாணிக்கு ஒரு சுற்று கூடுகிறது. மறுநாள் சித்தி வந்து தொட்டுப் பார்த்து இன்னொரு சுற்று. இப்படி ஆளுக்கொரு சுற்று போட்டால், தொலையாமல் பத்திரப்படுத்திய தங்கம் கடைசியில் சதைக்குள் இருக்கிறது.

பெங்களூரின் வடகிழக்கே, குக் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டியிருக்கும் லிங்கராஜபுரம் இதை ஆராயத் தோதான இடம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி. வேலூர், திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கம் வேர் உள்ளவர்கள் பலர். குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, ஆசாரி காது குத்துவதுதான் முறை. கம்பெனியில் லீவு கிடைக்காதபோது முறை இரண்டாகப் பிரிகிறது. முடி ஊரில் இறங்கும், காது பெங்களூரில் குத்தப்படும். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலோ கம்மனஹள்ளியிலோ ஏ.சி. ஓடும் நகைக்கடையில், சுழலும் நாற்காலியில் மாமன் உட்கார, அவர் மடியில் குழந்தை உட்கார, விற்பனையாளர் 'கன் ஷாட்' அடிக்கிறார். நாற்காலி சுழலாமல் பிடித்துக்கொள்வது சீர் வரிசையில் சேராத புதுக் கடமை.

கன் ஷாட்டில் கூரான ஊசி கிடையாது. ஸ்பிரிங் வேகத்தில் கம்மலின் தண்டே சோணையைத் துளைத்துப் போய்ப் பின்னால் உள்ள பூட்டில் மாட்டிக்கொள்கிறது. எல்லாக் காதுக்கும் ஒரே நீளத் தண்டு. பூட்டும் அழுத்தமாகவே உட்காரும். பிளாஸ்டிக்கில் செய்த கன்னை ஆட்டோகிளேவில் போட்டுக் கிருமி நீக்க முடியாது. காது மூக்கு குத்துவதைத் தொழிலாகக் கொண்டவர்களின் சர்வதேசச் சங்கமே இந்தக் கருவி வேண்டாம் என்கிறது. அவர்கள் உள்ளே குழலான கூர் ஊசியால் குத்தி, முதலில் நீளமான தண்டைப் போட்டு, வீக்கம் வற்றியபின் குட்டையானதை மாட்டுவார்கள். ஆசாரி போடும் கம்பி வளையத்திலும் இந்தத் தாராளம் இருந்தது. சோணை எவ்வளவு வீங்கினாலும் வளையத்துக்குள் இடம் இருக்கும். அதற்காக அந்தக் காலமே மேல் என்று சொல்லிவிட முடியாது. ஆசாரியின் ஊசி எந்தக் கொதிநீரைப் பார்த்தது என்று யாரும் கேட்டதில்லை.

இடம் விட வேண்டும் என்பது பழைய பாடம். சுசுருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் காது குத்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில் குழந்தையை மடியில் வைத்து, பொம்மை காட்டி மயக்கி, சோணையில் வெயில் ஊடுருவித் தெரியும் இடத்தில் குத்தச் சொல்கிறது. குத்தியதும் எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரி. மூன்று நாளைக்கு ஒரு முறை அதைவிடச் சற்றுத் தடித்த திரி. திருகாணி பற்றிப் பேச்சே இல்லை. அறுந்துபோன சோணையை ஒட்ட வைக்கப் பதினைந்து முறைகளையும் அதே நூல் தருகிறது. கனமான காதணிகள் கண்ட நாட்டில் அதற்குத் தேவை இருந்திருக்கும். தென் தமிழ்நாட்டுப் பாட்டிகள் பாம்படமும் தண்டட்டியும் போட்டு, காதைத் தோளைத் தொடுமளவு வளர்த்தார்கள். அவர்களின் பேத்திகளுக்கு ஒரு கிராம் கம்மல் உள்ளே போய்விடுகிறது.

உள்ளே போன கம்மலுக்கு அறிகுறிகள் எளிது. சோணை சிவந்து தடிக்கும், தொட்டால் வலிக்கும், சீழ் கசியும், தண்டைத் திருகினால் திரும்பாது. முன்னால் பூ தெரியும், பின்னால் வெறும் தோல்; அல்லது பின்னால் திருகாணி, முன்னால் ஒரு புள்ளி. வீட்டு வைத்தியம் மஞ்சளில் தொடங்கித் தேங்காய் எண்ணெய்க்குப் போய், பலன் இல்லாவிட்டால் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடும் திருஷ்டிக் கழிப்பில் முடியும். இதற்கு இரண்டு மூன்று நாள் செலவாகிறது. அந்த நாட்களில் தோல் தன் வேலையை நிறுத்துவதில்லை. கம்மல் உள்ளேதான் இருக்கிறதா, உண்மையிலேயே கழன்று விழுந்துவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே தீர்த்துவைக்கும். உலோகம் அதில் பளிச்சென்று தெரியும்.

எடுக்கும் முறை பெரிய ஆபரேஷன் அல்ல. காதைக் கழுவிப் பொவிடோன் அயோடின் தடவுகிறார்கள். மரத்துப்போகும் களிம்பு பூசினால் சுமார் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். லிக்னோகெயின் ஊசி உடனே வேலை செய்யும், ஆனால் சீழ் பிடித்த சதையில் அதன் வீரியம் குறையும். பிறகு மருத்துவர் சோணையை இரு விரலால் பிடித்து, உள்ளே போன பக்கத்தை நோக்கித் தள்ளுகிறார். பல நேரம் துளை வாயிலேயே மஞ்சளாக ஒரு முனை எட்டிப் பார்க்கும். பார்க்காவிட்டால் தழும்பு வெளியே தெரியாதபடி காதின் பின்பக்கம் சின்னதாக ஒரு கீறல். அதன் வழியே நுழையும் மெல்லிய இடுக்கியின் பெயர் மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸ். முன்பக்கப் பூவை ஒரு கை பிடித்திருக்க, மறு கை திருகாணியைக் கவ்விக் கழற்றுகிறது. ரத்தமும் சீழும் ஒட்டிய திருகாணி கிண்ணத்தில் 'டிங்' என்று விழும்.

லிங்கராஜபுரத்துக் குழந்தைக்குத் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் வரும். "ஸ்வல்ப நோவாகுத்தே, பாப்பா, தலைய ஆட்டாத" என்று டாக்டர் இரண்டு மொழியில் சொன்னாலும் பதில் எந்த மொழியிலும் சேராத அலறல்தான். திரைக்கு வெளியே பாட்டியின் கவலை வேறு: "டாக்டர், பூவுல கல்லு எல்லாம் இருக்குங்களா பாருங்க." இருக்கிறது என்று தெரிந்தபின்தான் "கண்ணு, வலிக்குதாடா?" என்ற கேள்வி உள்ளே வரும். மிகச் சின்னக் குழந்தையானால், அசையாமல் இருக்க மயக்கம் கொடுத்து காது மூக்கு தொண்டை நிபுணர் எடுப்பதும் உண்டு.

குருத்தெலும்புள்ள மேல் காதில் இதே கதை நடந்தால் சிரிக்க ஒன்றும் இல்லை. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. சூடோமோனாஸ் கிருமி தொற்றினால் குருத்தெலும்பு கரைந்து காதின் வடிவமே மாறிப்போகலாம். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரே நகைக்கடையில் மேல் காது குத்திக்கொண்ட பலருக்கு இப்படி நேர்ந்தது. கல்லூரிப் பெண்கள் இரண்டாவது, மூன்றாவது கம்மலுக்கு மேலே மேலே ஏறும் நாட்களில் வீட்டார் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

கம்மல் வெளியே வந்தபின் பெரும்பாலும் தையல் தேவைப்படாது. சீழ் இருந்தால் ஆன்டிபயாட்டிக், டெட்டனஸ் ஊசி விட்டுப்போயிருந்தால் அதுவும். துளையைத் தானாக மூட விட்டுவிடுவார்கள். "ஓட்டை அடைஞ்சிடுமே, ஒரு ஈர்க்குச்சியாவது சொருகட்டுமா?" என்று கேட்பவர்களுக்கு விடை, வேண்டாம் என்பதே. வீக்கம் வற்றி, புண் ஆறி, ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத் தழும்பை விட்டுத் தள்ளி மறுபடி குத்தலாம். தழும்பு தடித்து வளரும் கீலாய்டு உடம்பானால் மறுபடி குத்தாமல் இருப்பதே நல்லது.

இரண்டாம் முறை பழைய கம்மலையே போட வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் எழும். தண்டு நீளமாக இருந்தால் போடலாம். திருகாணி சோணையைத் தொடாமல் நிற்க வேண்டும். பார்வைக்குத் தளர்வாகத் தெரிந்தாலும் அப்படியே விட வேண்டும். தண்டு குட்டை என்றால் ஆசாரியிடம் கொடுத்து நீட்டிக்கொள்ளலாம். சேரும் தங்கம் ஓர் அரிசி மணியளவுகூட இருக்காது. செய்கூலியும் சேதாரமும் தனி.