நான்கு ஹேங்கரும் தொண்ணூறு நாளும்

பெறுநர்: செயலாளர், சுற்றுலா அமைச்சகம், புது தில்லி.
நகல்: சுற்றுலாத் துறை, சென்னை (தகவலுக்காக, நடவடிக்கை எடுத்தாலும் ஆட்சேபணை இல்லை).
பொருள்: அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்தில் மூன்று மாதம் தங்க நேர்ந்தவர் எந்தச் சட்டத்தின்கீழ் படுப்பது என்பது குறித்து.

ஐயா / அம்மையீர்,

அரியலூர் மாவட்டத்துக்கு விருந்தினரை வரவழைக்க அரசுகள் எடுத்துவரும் முயற்சிகளுக்கு முதற்கண் நன்றி. கங்கைகொண்ட சோழபுரம் 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் ராம்சர் தலமானது. 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமரே ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, நந்தியின் முன் படமெடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ போய்ப் படுத்துவிடுகிறார்கள். இந்த மாவட்டத்துக்கு வந்து மாதக்கணக்கில் கவலையில்லாமல் தங்குவது கரைவெட்டிக்கு வரும் பட்டைத்தலை வாத்துதான். இமயத்துக்கு அப்பாலிருந்து பறந்துவரும் அதனிடம் யாரும் படிவம் கேட்பதில்லை. அந்த வாத்துக்குக் கிடைத்திருக்கும் சலுகையில் பாதியாவது மனிதருக்குக் கிடைக்குமா என்று கேட்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

தங்களிடம் ஒரு திட்டம் இருப்பதை நாங்கள் அறிவோம். ‘இன்கிரெடிபிள் இந்தியா’ என்ற பெயர் தாங்கிய, படுக்கையும் காலை உணவும் தரும் வீட்டுத் தங்கல் திட்டம். வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விடலாம். தரத்துக்கேற்பத் தங்கம் அல்லது வெள்ளி என்று சான்றிதழ் கிடைக்கும். நல்ல யோசனைதான். 2010 காமன்வெல்த் போட்டிக்கு வருகிறவர்களைத் தங்கவைக்க தில்லியில் அறைகள் போதாது என்ற பதற்றத்தில் வேகம் பிடித்த யோசனை இது. தில்லி அரசு 2007இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. போட்டி முடிந்து, பதக்கங்கள் பெட்டிக்குள் போய், ஏற்பாட்டுக் குழுவினர் சிலர் வழக்கைச் சந்தித்து, எல்லாம் ஓய்ந்தபிறகும் சரிபார்ப்புப் பட்டியல் மட்டும் அந்த விருந்தினருக்காகவே காத்திருக்கிறது. அலமாரியில் குறைந்தது நான்கு ஹேங்கர். மூடியும் காகிதமும் உள்ள மேற்கத்தியக் கழிவறை. வரவேற்புப் பகுதியில் உட்கார இடம். காலையில் ஐரோப்பிய உணவு அல்லது பாரம்பரிய இந்திய உணவு. விக்கிரமங்கலத்து ஓட்டு வீட்டில் திண்ணையை வரவேற்புப் பகுதி என்று எழுதிக்கொள்ளலாம், இட்லியும் பாரம்பரியத்தில் சேரும். ஆனால் இரண்டு சட்டையோடு வருகிற கொத்தனாருக்கு மீதி இரண்டு ஹேங்கரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

இங்கே உண்மையில் யார் வந்து தங்குகிறார்கள் என்பதைத் தங்கள் கோப்பு இதுவரை கேட்டதில்லை. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாகக் கிடந்த நிலம் இது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லால்தான் இந்த மாவட்டத்தில் அரசு சிமெண்ட் ஆலையும் தனியார் ஆலைகளும் வரிசையாக நிற்கின்றன. ஆலையின் சூளையை ஆண்டுக்கொருமுறை நிறுத்தி உள்ளே செங்கல் மாற்றும்போது வெளியூர் ஆட்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அதே கடல் விட்டுப்போன புதைபடிவங்களைத் தேடி நிலவியல் மாணவர்கள் வருகிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் தொல்லியல் துறை குழி தோண்டும் பருவத்தில் ஆய்வு மாணவர்களுக்கு மாதக்கணக்கில் வேலை. 2022 ஜனவரியில் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் நோயாளிக்குக் கட்டில் இருக்கிறது, கூட வந்தவருக்கு நடைபாதை இருக்கிறது. மாற்றலாகி வரும் வங்கிக் கிளர்க், புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியை, கிராமச் செவிலியர் ஆகியோருக்கு முதல் மூன்று மாதம் எங்கே படுப்பது என்பதே பெரிய கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டியபோது 15,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். 15,000 பேருக்கு வேலை என்றால் அவர்களில் வெளியூர்க்காரர்களுக்குப் படுக்கையும் வேண்டும் என்று அறிவிக்க எந்தத் துறைக்கு அதிகாரம் என்று தெரியவில்லை. இவர்களில் ஒருவர்கூடச் சுற்றுலாப் பயணி இல்லை. யாரும் ஒரு நாளுக்கு வருவதில்லை, ஒரு வருடத்துக்கும் வருவதில்லை.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 2021இன் மாதிரி வாடகைச் சட்டம் ஓட்டல், லாட்ஜ், தர்மசாலை போன்றவற்றைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. அதற்கு வேண்டியது முறையான வாடகைதாரர். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். தங்கள் திட்டத்துக்கு வேண்டியது பயணி. கட்டில், மெத்தை, மின்விசிறியோடு ஓர் அறையை மூன்று மாதத்துக்கு எடுத்து, காலையில் வீட்டம்மா சுடும் தோசையையும் கணக்கில் சேர்த்துக் காசு கொடுப்பவர் இரண்டு வாசலுக்கும் ஆகாதவர். அவருக்காகத் தங்கத்திலும் வெள்ளியிலும் ஒரு வகை இல்லை. பித்தளையிலாவது ஒன்று வைத்திருக்கலாம். ஆச்சரியம் என்னவென்றால், இந்த ஆளை தில்லியில் ஒரு துறை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது. 2024 ஜூனில் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் 53ஆவது கூட்டம், ஒருவருக்கு மாதம் ரூ.20,000க்கு மிகாத தங்கல் சேவை தொடர்ந்து குறைந்தது 90 நாள் தரப்பட்டால் வரி இல்லை என்று முடிவெடுத்தது. மாணவர் விடுதிகளையும் வேலைக்குப் போகிறவர்களின் விடுதிகளையும் மனத்தில் வைத்து எடுத்த முடிவு. எதற்கும் வரி போடத் தயங்காதவர்களே மனிதர் 90 நாள் ஓர் இடத்தில் தங்குவதுண்டு என்று ஒப்புக்கொண்டபிறகு, விருந்தோம்பலை இலாகாவாகவே வைத்திருக்கும் தாங்கள் ஒப்புக்கொள்ளாமல் இருப்பது அவ்வளவு அழகாக இல்லை.

நம் மண்ணுக்கு இது புதிதா என்றால், இல்லை. விக்கிரமங்கலம் என்று தட்டச்சு செய்து தேடும் அதிகாரி கவனமாக இருக்க வேண்டும்; உசிலம்பட்டிப் பக்கம் இன்னொரு விக்கிரமங்கலம் உண்டு. அங்கே உண்டாங்கல் மலையில் சமணத் துறவிகளுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகள் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிடக்கின்றன. செய்து கொடுத்தவர்களின் பெயர்களைத் தமிழ்ப் பிராமியில் வெட்டியிருக்கிறார்கள். மழைக்காலம் முழுவதும் ஓரிடத்தில் தங்கிவிடுவது சமணத் துறவியின் விரதம். ஆகவே தட்டுமுட்டுச் சாமானோடு கூடிய நெடுநாள் தங்கலுக்கு நம்மிடம் உள்ள பழைய ஆவணம் கல்லில் இருக்கிறது. (ஹேங்கர் இல்லை. அவர்களுக்குத் தேவையும் இருந்திருக்காது.) எங்கள் அரியலூர் விக்கிரமங்கலமோ சோழர் காலப் புத்தர் சிலை கிடைத்த ஊர். சைவ ராஜ்ஜியத்தின் நடுவில் புத்தரைக் கும்பிட்டவர்கள் இருந்தார்கள் என்றால், வந்தவரை வைத்துக்கொள்ளத் தெரிந்த ஊராகத்தான் இது இருந்திருக்க வேண்டும். கொள்ளிடத்துக்கு அக்கரையில் தஞ்சை மராட்டியர் நடத்திய சத்திரங்களின் நடைமுறையை 1801இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்குக் கடிதமாகவே எழுதியிருக்கிறார். வழிப்போக்கருக்குச் சோறு, நோயில் விழுந்தவருக்குக் குணமாகும்வரை வைத்தியம், சத்திரத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அங்கேயே பேறுகாலக் கவனிப்பு, அநாதைப் பிள்ளைகளுக்கு வாத்தியார். ஒரு வேளை உண்டு போகிறவருக்கும் மாதக்கணக்கில் இருக்க நேர்ந்தவருக்கும் ஒரே கூரையின்கீழ் தனித்தனி முறை வைக்க முடியும் என்று 200 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசுக்குத் தெரிந்திருந்தது. இன்றும் தெரிந்த அரசு இருக்கிறது: வேலைபார்க்கும் பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு பெரம்பலூர் உட்படப் பல ஊர்களில் நடத்தும் தோழி விடுதிகளில் நாள் கணக்கிலும் தங்கலாம், மாதக் கணக்கிலும் தங்கலாம்.

கோப்பு மேலே போகும்போது குறிப்பெழுதுவோர் என்னென்ன எழுதுவார்கள் என்பதையும் ஊகித்திருக்கிறோம். முதல் குறிப்பு, மூன்று மாதம் தங்கினவன் முப்பது வருடம் தங்கிவிடுவான், வீட்டுக்காரன் நீதிமன்றத்துக்கு அலைவான் என்பது. பயம் பொய்யில்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் இருக்க, வயதானவர் இருவர் மட்டும் உள்ள நான்கறை வீட்டில் மூன்றறை பூட்டிக் கிடப்பதற்கு முக்கியமான காரணமே இந்தப் பயம்தான். ஆனால் பயத்துக்குக் காரணம் எழுத்தில்லாத வாய்ப்பேச்சு. நுழைந்த தேதியும் வெளியேறும் தேதியும் அரசுப் பதிவில் இருக்கிற விருந்தினரை வாடகைதாரர் என்று எந்த வக்கீலும் எளிதில் வாதாட முடியாது. இரண்டாவது குறிப்பு காவல்துறையுடையது: ஊர் பேர் தெரியாதவர்கள் உள்ளே வருவார்கள். ஐயா, அவர்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார்கள். தகரக் கொட்டகையில் பத்துப் பேராக, பதிவேடே இல்லாமல். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்ற விதியை நட்சத்திர ஓட்டலும் வீட்டு விடுதியும் ஒன்றுபோல் பின்பற்ற முடிகிறது. பீகார்க்காரருக்கும் ஒரு பதிவேடு வைக்க முடியாதா? லாட்ஜ்காரர்களின் வியாபாரம் கெடும் என்ற மூன்றாவது குறிப்புக்குப் பதில் சொல்வதற்கு முன், விக்கிரமங்கலத்தில் கெடுவதற்கு எத்தனை லாட்ஜ் உண்டு என்று எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நான்காவது ஆட்சேபணையை யாரும் கோப்பில் எழுதமாட்டார்கள். இருக்கிறவற்றில் கனமானது அதுதான். கிராமத்து வீட்டில் அறை கேட்டுப் போகிறவரிடம் பேரை விசாரிக்கும் முன்பே ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று விசாரிப்பார்கள். காலை உணவோடு சேர்ந்த அறை என்றால் விசாரணை அடுக்களைவரை நீளும். வீட்டுத் தங்கலை வளர்ப்பது இந்த விசாரணைக்கு அரசு முத்திரை குத்துவதாகாதா என்ற கேள்வி நியாயமானது. சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஆனால் முத்திரை இல்லாதபோது நடப்பதும் இதுதானே? வாய்மொழியில் மறுத்தவர் மேல் வழக்கு நிற்பதில்லை. ‘ரூம் காலி இல்லைங்க’ என்ற ஒரு வாக்கியம் போதும். சான்றிதழ் பெற்றுப் பலகை மாட்டிய வீடு பொதுமக்களுக்குத் திறந்த இடமாகிறது. ஓட்டல்களில் சாதி, மதம், பிறப்பிடம் பார்த்துத் தடுக்கக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு. தர்மசாலையிலும் சராயிலும் தீண்டாமை பாராட்டுவது குற்றம் என்கிறது 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். இவை தங்கள் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கும் பொருந்தும் என்று ஒரு வரி எழுதி, மறுத்தால் சான்றிதழ் ரத்து என்று இன்னொரு வரி சேர்த்தால், ஹேங்கரை எண்ணிய ஆய்வாளருக்கு எண்ணுவதற்கு உருப்படியான ஒன்று கிடைக்கும். இதற்கு ஒப்பாத வீட்டுக்காரர் அறையைப் பூட்டியே வைத்திருக்கட்டும். அப்படிப்பட்டவருக்கு அரசுப் பலகையும் வேண்டாம், அரசுக் கடனும் வேண்டாம்.

கடன் என்றதும் நினைவு வருகிறது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் வீட்டுத் தங்கல்களுக்கு முத்ரா கடன் என்று அறிவித்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் கடன் வாங்கி ஹேங்கரும் கழிவறை மூடியும் வாங்கியபிறகு, வருகிற விருந்தினர் எந்தச் சட்டத்துக்குள்ளும் அடங்காதவர் என்றால், தவணை எப்படிக் கட்டுவது? தவணைக்கு முன்பே மின்வாரியம் பற்றிய கவலை வேறு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், கடை இணைப்புக்குக் கிடையாது. பலகை மாட்டிய மறுநாள் மீட்டர் மாறிவிடுமோ என்ற பயத்தில்தான் பலரும் பலகையே வேண்டாம் என்கிறார்கள். இரண்டு அறை விட்டுச் சம்பாதிக்கும் தொகையை மின்கட்டணமே விழுங்கிவிட்டால் விருந்தோம்பல் மிஞ்சும், விருந்து மிஞ்சாது.

ஆகவே தங்களிடம் வேண்டுவது கொஞ்சம்தான். தங்கம், வெள்ளியோடு மூன்றாவதாக ஒரு வகை சேருங்கள். ஏழு நாள் முதல் ஆறு மாதம் வரை தங்குகிறவர்களுக்கானதாக அது இருக்கட்டும். சரிபார்ப்புப் பட்டியலில் தண்ணீர், தாழ்ப்பாள், காற்று, கழிவறை, பதிவேடு, சாதி பாராட்டாத உறுதிமொழி ஆகியவை போதும். விண்ணப்பம் தமிழில் ஒரு பக்கம் இருக்கட்டும். அதை வாங்கிக்கொள்ளும் அதிகாரி புது தில்லியிலோ சென்னையிலோ இல்லாமல் உடையார்பாளையத்திலோ அரியலூரிலோ இருக்கட்டும். இரண்டு அறைக்கு மேல் விடாத வீட்டுக்கு மின் இணைப்பு வீட்டு இணைப்பாகவே தொடரும் என்று மாநில அரசோடு பேசி எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். ஜெயங்கொண்டத்துக் காலணி ஆலைக்கு முதல் தொகுதி ஆட்கள் பெட்டியோடு வந்து இறங்குவதற்கு முன் இந்த ஆணை வெளியாக வேண்டும்.

இப்படிக்கு,
பூட்டிய அறைகள் நிறைந்த விக்கிரமங்கலத்துக்காக