சமூக அக்கறையுள்ள உறுப்பினர்

எனக்குச் சமூக அக்கறை உண்டு. சொல்வது நானல்ல, இந்திய அரசின் விதி. ஆராய்ச்சிக்காக விலங்குகளை வைத்திருக்கும் எந்த நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு ஒன்று இருந்தாக வேண்டும். உயிரியல் அறிவியலாளர் ஒருவர், வேறு உயிரியல் துறைகளிலிருந்து அறிவியலாளர் இருவர், கால்நடை மருத்துவர் ஒருவர், அனிமல் ஹவுஸ் பொறுப்பாளர் ஒருவர், வெளி நிறுவனத்து அறிவியலாளர் ஒருவர், விலங்குப் பரிசோதனைகளை மேற்பார்வையிடும் மத்தியக் குழு அனுப்பும் நாமினி ஒருவர். எட்டாவது ஆள், 'அறிவியலாளர் அல்லாத, சமூக அக்கறையுள்ள உறுப்பினர்'. மற்ற ஏழு பேருக்கு இந்த அடைமொழி கிடையாது. விதியை எழுதியவர்கள் நேர்மையானவர்கள்.

கொங்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்வி வளாகம் என்னை எட்டாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டது. தெருநாய்க்கு வாசலில் தண்ணீர் வைப்பது பற்றி ஒரு வார இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். தகுதி அதுதான். அரைப் பக்க அக்கறை போதும் என்று நினைத்திருப்பார்கள்.

கூட்டம் பதினொரு மணிக்கு, சாப்பாடு ஒரு மணிக்கு. இடையில் முப்பத்தெட்டு ஆய்வுத் திட்டங்கள். ஒன்றுக்கு மூன்று நிமிடம். அதில் ஒரு நிமிடம் தலைப்பை வாசித்து முடிக்கவே போய்விடும். பெரும்பாலும் முதுநிலை மாணவர்களின் ஆய்வு. ஆவாரம்பூ சர்க்கரையைக் குறைக்குமா, நாவல் கொட்டை குறைக்குமா, சிறுகுறிஞ்சான் குறைக்குமா.

"இந்த ஆவாரம்பூ ஆய்வு முன்னாடியே பல இடத்தில் நடந்திருக்கே?" என்று கேட்டேன்.

"நடந்திருக்கு சார். அது தண்ணியில எடுத்த சாறு. இது எத்தனால்ல."

"எத்தனாலிலும் பண்ணியிருக்காங்களாமே?"

"அது வேற மாவட்டத்துப் பூ சார்."

ஒரு பிரிவுக்கு ஏன் ஆறு எலி, நான்கு போதாதா என்றேன். போன பேட்ச்சில் ஆறு என்றார்கள். விலங்கு இல்லாமல் இதைச் செய்ய வழியே இல்லையா என்று, ஆய்வுக்கு அனுமதி கேட்கும் படிவம் பி-யும் கேட்கத்தான் செய்கிறது. முப்பத்தெட்டுப் படிவங்களிலும் ஒரே பதில், ஒரே எழுத்துப்பிழையோடு. பிழை வம்சாவளியாக வருகிறது. எந்த ஆண்டு மாணவர் அதன் பாட்டனார் என்று கண்டுபிடிப்பதே ஒரு நல்ல ஆராய்ச்சி. எலியும் வேண்டியிராது.

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதையெல்லாம் முன்பே யோசித்திருக்கிறது. மருத்துவப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் புத்தகம், மாதிரி, திரைப்படம் போன்றவை போதுமென்றால் விலங்கைத் தொடாதே என்கிறது 17-ஆம் பிரிவு. கை பழகுவதற்காக மட்டும் அறுக்காதே என்றும் சொல்கிறது. ஆனால் கூடவே 'கூடியவரை' என்று ஒரு சொல்லைப் போட்டிருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் எலிக்கூண்டு ஏற்றிய லாரியே தாராளமாகப் போய்வரலாம்.

எட்டுப் பேரில் ஐந்து பேருக்குச் சம்பளம் அந்தக் கல்லூரியே கொடுக்கிறது. எதிர்ப்புக்கு உயரும் கைதான் மாதக் கடைசியில் சம்பளப் பதிவேட்டில் கையெழுத்தும் போட வேண்டும். கைகள் மேசை மேலேயே இருந்தன. நாமினி நல்ல மனிதர். ரயிலடிக்கு அவரை அழைத்துவரப் போனது கல்லூரிக் கார். மாலை ரயிலுக்கு இட்லி கட்டிக் கொடுத்ததும் கல்லூரி மெஸ்.

ஆய்வு முடிந்தபின் எலியைக் கொல்வதற்கு இவர்கள் வைத்திருக்கும் சொல் 'சாக்ரிபைஸ்'. உலகம் முழுக்க இதே சொல்தானாம். "பதினாலாம் நாள் சாக்ரிபைஸ் பண்ணிடுவோம் சார்" என்று மாணவி சொன்னபோது எனக்கு எங்கள் ஊர்க் கருப்பராயன் கோயில் ஞாபகம் வந்தது. 2003 ஆகஸ்டில் தமிழக அரசு 1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. கோயில் வாசலில் போலீஸ் நின்றது. நேர்ந்துவிட்ட கிடாய்கள் கயிற்றோடு வீடு திரும்பின. அடுத்த ஆண்டே சட்டம் போய்விட்டது, அது வேறு கதை. அந்த மாதங்களிலும் ஆராய்ச்சிக்கூடங்களில் பலி தடையில்லாமல் நடந்தது, சாமிக்கில்லை, பட்டத்துக்கு.

எங்கள் ஊரில் கிடாயைச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். கிடாய் துலுக்க வேண்டும். உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் உத்தரவு. துலுக்காவிட்டால் பூசாரி, பங்காளிகள், மாமன் மச்சான் அத்தனை பேரும் கைகட்டி நிற்பார்கள். அரை மணி நேரம்கூட நின்று பார்த்திருக்கிறேன். காதில் தண்ணீர் விழுந்தால் எந்த ஆடும் உதறும் என்பது ஊருக்கே தெரியும். சம்மதம் என்பது ஒரு பாவனைதான். ஆனாலும் அந்தப் பாவனைக்கு ஊர் அரை மணி நேரம் கொடுக்கிறது. படித்த எட்டுப் பேர் கொடுத்தது மூன்று நிமிடம்.

அனிமல் ஹவுஸை ஒரு வியாழக்கிழமை காட்டினார்கள். மறுவாரம் ஆய்வு வருகை என்பதால் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், எலிகள் தும்மிக்கொண்டிருந்தன. அறையின் வெப்பம் 18 முதல் 29 டிகிரிக்குள், ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதத்துக்குள், காற்று மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து தடவை மாற வேண்டும் என்று வழிகாட்டுதல். பதிவேட்டைப் புரட்டினேன். எல்லா நாளும் 24 டிகிரி. அழகான கையெழுத்து. நான் போனது வியாழன். பதிவேடு அடுத்த செவ்வாய் வரை போயிருந்தது. ஏ.சி.யின் கம்ப்ரசர் கழன்று வராந்தாவில் கிடந்தது. ஊட்டிகூட நாள் தவறாமல் 24-இல் நிற்காதே என்றேன். "நல்ல ரெக்கார்டு மெயின்டெனன்ஸ் சார்" என்றார் பொறுப்பாளர். உண்மைதான். அந்தக் கட்டடத்தில் வேளாவேளைக்குக் கவனித்து, தூசி படாமல், ஈரம் படாமல், கரையான் அரிக்காமல் பராமரிக்கப்பட்ட ஒரே ஜீவன் அந்தப் பதிவேடுதான்.

அதோடு விட்டிருக்கலாம். சமூக அக்கறை விடவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்குச் சொல்லாமல் போய் நின்றேன்.

ஸ்ட்ரெப்டோசோடோசின் என்று ஒரு மருந்து. ஊசியில் ஏற்றினால் எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் செத்துப்போகும். ஓடியாடிய எலி சில நாளில் சர்க்கரை நோயாளி. குடித்துக் குடித்துத் தாகம் அடங்காது. பெய்து பெய்து கூண்டு உமி சொதசொதவென்று ஆகும். இப்படிப்பட்ட எலிக்கு உமியைத் தினம் மாற்ற வேண்டும், தண்ணீர் பாட்டிலை வேளைக்கு வேளை பார்க்க வேண்டும். நோயைக் கொடுத்தது நாம் என்பதால், தண்ணீரும் நாம்தான் வைக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளக் குழு எதுவும் தேவையில்லை.

கதவைத் திறந்ததும் அம்மோனியா கண்ணில் அடித்தது. மூன்று மூன்றாக இரண்டு கூண்டுகள், ஆவாரம்பூப் பிரிவு. பாட்டில்கள் காலி. ஐந்து கிடந்தன. ஆறாவது எலி காலிப் பாட்டிலின் எஃகு மூக்கைக் கடித்துக்கொண்டிருந்தது.

கூண்டு கழுவும் அக்கா அப்போதுதான் வந்தார். "வெள்ளிக்கிழம சாயங்காலம் வச்ச தண்ணிங்க" என்றார். "சக்கரை எலிக்கு அது ஒரு ராத்திரிக்கே பத்தாதுங்க. எனக்குச் சனி ஞாயிறு கூலி கெடையாதுங்க சார். போன வருசம் சும்மாவாச்சும் வந்து வச்சுட்டுப் போவேன். கேட்டுல விடறதில்லீங்க இப்ப. லீவு நாள்ல உள்ள வரக்கூடாதுன்னு சர்க்குலர் போட்டுட்டாங்க." அதைச் சொல்லிக்கொண்டே பாட்டிலை நிரப்பி ஆறாவதின் கூண்டில் மாட்டினார். அந்தக் கட்டடத்தில் விலங்கு நலன் என்று நான் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான். அவர் எந்தக் குழுவிலும் இல்லை. ஒப்பந்தக்காரரின் பட்டியலில் 'துப்புரவு' என்று இருக்கிறார்.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று பழமொழி. நான் கண்டேன்.

அந்த ஐந்து சாவும் ஆய்வேட்டில் ஏறியது. 'நோயின் தீவிரத்தால் இறப்பு' என்று. சாறு குறைந்த அளவில் பலன் தரவில்லை என்ற முடிவுக்கு அதுவே ஆதாரமானது. தாகத்தால் செத்தவை புள்ளிவிவரத்தில் சர்க்கரையால் செத்தன. அந்த முடிவை இன்னொரு கல்லூரியில் இன்னொரு மாணவி மேற்கோள் காட்டுவாள். இன்னும் ஆறு எலி வாங்குவார்கள்.

விஞ்ஞானிகள் என்மேல் பாயவேண்டாம். நான் ஆராய்ச்சியே கூடாது என்கிற கட்சி அல்ல. என் அண்ணனை நாய் கடித்தபோது தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்கள். அந்தக் காலத்து மருந்து செம்மறி ஆட்டின் மூளையிலிருந்து வந்தது; குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்தைத் தெரியாத குடும்பம் அன்று தமிழ்நாட்டில் குறைவு. வரப்பில் கண்ணாடி விரியன் கடித்த உழவரை இன்றைக்கும் பிழைக்க வைப்பது, வடநெம்மேலியில் இருளர்கள் எடுத்துத் தரும் நஞ்சும், அந்த நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்ட குதிரையின் ரத்தமும்தான். கடன்பட்டிருக்கிறோம். கடன்பட்டவன் தண்ணீராவது வைக்க வேண்டாமா? அதையும் வைக்காமல், 24 டிகிரி என்று எழுதி வைத்த கையை என்ன செய்வது?

என்ன செய்வது என்பதையும் சட்டம் சொல்கிறது. 20-ஆம் பிரிவு. மத்தியக் குழுவின் உத்தரவை மீறினாலோ, அது விதித்த நிபந்தனையை மீறினாலோ அபராதம். எவ்வளவு தெரியுமா? 'இருநூறு ரூபாய் வரை'. குறைந்தபட்சம் அல்ல, உச்சம். நிறுவனத்தில் நடந்தால் அதன் பொறுப்பாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார். அவருக்கும் அதே இருநூறு. சிறை என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. 1960-இல் அந்தப் பணத்துக்கு ஏறக்குறைய இரண்டு பவுன் வாங்கலாம். இன்று மூக்குத்திக்குத் திருகாணிகூட வராது. ஹெல்மெட் போடாமல் பால் வாங்கப் போனால் ஆயிரம் ரூபாய். தன் தலையைத் தானே பாழாக்கிக்கொண்டால் ஆயிரம், பிறர் உயிரைக் கூண்டில் வைத்துக் காயப்போட்டால் இருநூறு.

இந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி. ஆட்டக்காரர் என்றே நாம் நினைவு வைத்திருக்கிறோம். 1953-இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே கொண்டுவரும் என்று நேரு சொன்னதை நம்பி விலக்கிக்கொண்டார். ஏழு ஆண்டு கழித்துச் சட்டம் வந்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் அவர் தலைமையில் சென்னையில் அமைந்தது. 2018-இல் அதன் தலைமையகத்தை ஹரியானாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யாரும் சாலைக்கு வரவில்லை.

சாலைக்கு வந்தது வேறொன்றுக்கு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்த தீர்ப்பில், இந்தச் சட்டத்தின் தண்டனைகள் போதாது, நாடாளுமன்றம் திருத்த வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. நாம் காளையை மட்டும் படித்தோம். 2017 ஜனவரியில் மெரினாவில் உட்கார்ந்தோம். சில நாளில் சட்டம் திருத்த முடியும் என்று நிரூபித்தோம். இருநூறு ரூபாய் அப்படியே இருந்தது. எலிக்குத் திமில் இல்லையே. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. நானும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன்.

ஐந்து எலி விஷயத்தை அடுத்த கூட்டத்தில் எழுப்பினேன். கால்நடை மருத்துவர் கூரையைப் பார்த்தார். நாமினி, "வருத்தமான விஷயம்" என்றார், கடிகாரத்தையும் பார்த்தார். தலைவர் என்னை மிகவும் பாராட்டினார். மினிட்ஸ் வந்தது: 'சமூக அக்கறையுள்ள உறுப்பினர் அக்கறை தெரிவித்தார். குழு அதனைக் குறித்துக்கொண்டது.' கூடவே வழக்கமான கவர். அமர்வுப்படி இரண்டாயிரம். பத்துக் குற்றத்துக்கு அபராதம் கட்டலாம். இதற்கு முன் ஐந்து கவர்கள் வாங்கியிருந்தேன், எண்ணிப் பார்க்காமல்.

குழுவைத் திருத்தி அமைத்தபோது என் பெயர் இல்லை. புதிய சமூக அக்கறையுள்ளவர் தாளாளரின் மைத்துனர். கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். கூண்டு கழுவும் அக்காவையும் நிறுத்திவிட்டார்களாம், என்னோடு பேசியதற்காக. அவருக்கு மட்டும் இருநூறோடு முடியவில்லை.

சென்ற மாதம் கல்லூரியின் வங்கிக் கணக்கைத் தேடிப் பிடித்து ரூபாய் 200 அனுப்பினேன். குறிப்பில், 'அடுத்த குற்றத்துக்கு முன்பணம்' என்று போட்டேன். மறுநாளே கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மரியாதையான குரல்.

"சார், இத எந்த ஹெட்ல வரவு வைக்கிறதுன்னு தெரியலீங்க."

"உங்களுக்கு எது வசதியோ அதில் வைம்மா."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"'விலங்கு நலன்'னு ஒரு ஹெட் இருக்குங்க சார். அதுல போட்டுடட்டுங்களா? இந்த வருசம் அதுல ஒரு என்ட்ரியும் இல்லீங்க."