போனைப் பறித்தால் போதுமா?

14 வயது மகன் அறைக்குள்ளேயே கிடக்கிறான். ஆட்களோடு கதைக்கப் பயம். இன்டர்நெட்தான் பிள்ளையைக் கெடுத்ததோ?
*– ஓர் அம்மா, சில்க்போர்க்*

பாதிப் பழியை இன்டர்நெட்டில் போடுங்கள். கூச்சமுள்ள பிள்ளை ஆட்களுக்குப் பயந்து திரைக்குள் ஒதுங்குகிறது. ஒதுங்க ஒதுங்கப் பயம் வளர்கிறது. பயம் வளர, திரை இன்னும் இனிக்கிறது. எத்தனை மணித்தியாலம் பார்க்கிறான் என்று கணக்கெடுப்பதை விட, யாருக்குப் பயந்து அங்கே போகிறான் என்று விசாரியுங்கள்.

15 வயதுக்குள் சமூக ஊடகம் கூடாதென்று டென்மார்க் அரசே சொல்லிவிட்டதே, இனி நிம்மதிதானே?
*– ஒரு தந்தை, ஹெர்னிங்*

2025 அக்டோபரில் பிரதமர் மெத்த ஃபிரெடெரிக்சன் யோசனை சொன்னார். நவம்பரில் கட்சிகள் உடன்பட்டன. ஆனால் அந்த உடன்பாட்டின்படி, பெற்றோர் சம்மதித்தால் 13 வயதிலேயே அனுமதி உண்டு. ஆகவே, “எல்லாரிட்டயும் இருக்கு, எனக்கு மட்டும் இல்லை” என்று மகள் அழும்போது தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான்.

“போனை வை” என்று அப்பா சொல்வதே போனைப் பார்த்துக்கொண்டுதான். என்ன செய்யலாம்?
*– எட்டாம் வகுப்பு மாணவி, சில்க்போர்க்*

பாவம், பள்ளிக்கூடச் செய்தி பார்க்க ‘ஆவுலா’ செயலியைத் திறந்திருப்பார். அங்கிருந்து வாட்ஸ்அப், ஊர்க் கலியாண வீடியோ, லண்டன் மாமாவின் அரசியல் என்று வழி தவறியிருப்பார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாருடைய போனுக்கும் ஒரு பெட்டி வையுங்கள். முதலில் அவருடையது!

தம்பி நாள் முழுக்கப் போனும் கையுமாகப் படுக்கை. ‘தொலுண்ட் மனிதன்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டோம்!
*– ஓர் அண்ணன்–அக்கா கூட்டணி, சில்க்போர்க்*

உங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவர் சுமார் 2,400 வருடம் சதுப்பு நிலத்தில் சடலமாகக் கிடந்தவர். 1950இல் எரிபொருளுக்குக் கரிமண் வெட்டப்போனவர்கள் கண்டெடுத்தார்கள். இன்றுவரை அவரைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். உங்கள் தம்பியைப் பார்க்க யார் வருகிறார்கள்? நாலு பேர் சிரிப்பார்கள் என்பதுதான் அவன் பயமே. அந்தச் சிரிப்பை வீட்டிலேயே தொடங்கி வைக்காதீர்கள்.

பிராண்டே அபிராமி அம்மன் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறாள் மகள். ஆட்கள் கேள்வி கேட்பார்களாம்.
*– ஒரு தாய், இகாஸ்ட்*

“மெலிஞ்சிட்டாய், என்ன மார்க்ஸ், டொக்டருக்கோ படிக்கிறாய்?” என்று கேட்டால் நானே பின்கதவால் ஓடுவேன். அவள் கையில் ஓர் அலுவலைக் கொடுங்கள், தண்ணீர் பரிமாறட்டும். அடுத்த முறை ஒருவரோடு மட்டும் கதைக்கட்டும். சமூகப் பதற்றத்துக்கான சிகிச்சையிலும் இப்படிப் படிப்படியாகத்தான் பழக்குகிறார்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?
*– ஒரு வாசகர், சில்க்போர்க்*

பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம் குழம்பத் தொடங்கினால் தாமதிக்காதீர்கள். குடும்ப டாக்டரிடம் சொல்லுங்கள். பெற்றோரிடம் சொல்ல முடியாததைப் பிள்ளை 116 111க்கு அழைத்துச் சொல்லலாம். ‘பேர்ன்ஸ் வில்கோர்’ அமைப்பின் சேவை அது. பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை. அதற்காகவாவது பறித்த போனைத் திருப்பிக் கொடுங்கள்.